குகைக் கல்லும் யூரியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவும்

சுண்ணாம்புக் குகையின் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதையும் தரையிலிருந்து எழும் கல்முளையையும் வளர்ப்பது எது? 1700ஆம் ஆண்டு கிரேக்கத் தீவான ஆன்டிபாரோஸின் குகைக்குள் இறங்கிப் பார்த்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜோசப் பித்தோன் தெ தூர்ன்ஃபோர், அங்கிருந்த கற்கள் செடிகளைப் போலவே உயிரோடு வளர்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். வேதியியல் காலூன்றிய பிறகு அந்தக் கருத்து எடுபடவில்லை. நீர், சுண்ணாம்பு, கார்பன் டை ஆக்சைடு ஆகிய மூன்றுமே போதும் என்றாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து உயிர் மீண்டும் இந்த விவாதத்துக்குள் வந்திருக்கிறது. இம்முறை வந்திருப்பவை பாக்டீரியாக்கள்.

அவற்றுள் யூரியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் தனிக் கவனம் பெறுகின்றன. குகைப் படிவுகளிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து அடையாளம் காணும் ஆய்வுகள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிக்கொண்டு வருகின்றன. இப்படிப்பட்ட பாக்டீரியாக்கள் குகையில் இருக்கின்றனவா என்பது ஒன்று. குகைக் கல்லை அவைதாம் கட்டுகின்றனவா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஐயமற்ற விடை உண்டு. இரண்டாவது இன்னும் தீரவில்லை. ஆனால் முதலாவதன் விடையையே இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொள்ளும் போக்கு இத்துறையில் அடிக்கடி தென்படுகிறது. அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேதியியல் சொல்லும் விடை

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் மண் நுண்ணுயிர்களும் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் கரைத்துச் சுமந்துகொண்டு குகைக் கூரைக்கு வருகிறது. மண்ணுக்குள் இருந்த அளவுக்குக் குகைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இல்லை. எனவே அந்த வாயு நீரைவிட்டு வெளியேறுகிறது, நீரின் காரத்தன்மை சற்றே கூடுகிறது, கால்சியம் கார்பனேட் படிகமாகப் படிகிறது. இந்த நிகழ்வில் பாக்டீரியாவுக்கு எந்த வேலையும் இல்லை.

இந்த விடையின் பலம் அதன் கணக்கு. ஜெர்மன் இயற்பியலாளர் வொல்ஃப்காங் டிரைபிராட் 1980களில் இருந்து உருவாக்கிய மாதிரிகள், சொட்டும் வேகம், கால்சியச் செறிவு, வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டே கல்முளை ஆண்டுக்கு எத்தனை மைக்ரோமீட்டர் வளரும் என்று கணிக்கின்றன. பல குகைகளில் அளந்து பார்த்த வளர்ச்சி அந்தக் கணிப்புக்கு ஓரளவு பொருந்தியும் வருகிறது. கல்முளையின் அடுக்குகளைக் கொண்டு பழைய பருவமழைகளின் வரலாற்றை எழுதும் துறையே இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் குகைப் படிவு என்பது கல்விழுதும் கல்முளையும் மட்டுமல்ல. வெண்ணெய்போல் குழைந்து, கையில் ஒட்டும் வெள்ளைப் படிவு ஒன்றுண்டு. ஸ்விட்சர்லாந்தின் பிலாட்டஸ் மலைக் குகையில் இருந்த அதைக் கொன்ராட் கெஸ்னர் 1555இலேயே குறித்துவைத்தார். நிலாப்பால் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அதன் நுண்ணிழைப் படிகங்கள் ஏன் இறுகிக் கல்லாவதில்லை என்பதை வாயு வெளியேற்றம் மட்டும் கொண்டு விளக்குவது கடினம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள ஹிடன் குகையில், பழைய குளங்களுக்கு அடியில் விரல்போல் தொங்கும் படிவுகளுக்குள் புதையுண்ட இழைகளும் கோல்களும் நுண்ணுயிர்களின் வடிவத்தை ஒத்திருப்பதை 2001இல் லெஸ்லி மெலிம் குழுவினர் காட்டினர். வேதியியல் விடை பொய்யென்று இவை நிறுவவில்லை. எல்லாப் படிவுக்கும் அது ஒன்றே போதுமா என்ற ஐயத்தைத்தான் எழுப்பின.

உயிரின் பக்கம் நின்றவர்கள்

பாக்டீரியா சுண்ணாம்பைப் படியவைக்கும் என்ற கருத்து முதலில் வலுப்பெற்றது குகையில் அல்ல, கடலில். பஹாமாஸ் பகுதிக் கடல்நீரில் சுண்ணாம்புச் சேறு உருவாவது பாக்டீரியாக்களால்தான் என்று ஹெரால்ட் ட்ரூவின் 1914ஆம் ஆண்டுக் கட்டுரை வாதிட்டது. பத்தாண்டுகள் கழித்துச் சார்லஸ் லிப்மன் அதை மறுத்தார். ட்ரூ ஊட்டிய வளமான ஊடகம் கடலில் எங்கே இருக்கிறது என்பதே அவர் மறுப்பின் சாரம். அந்த மறுப்பு குகை ஆய்வுகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. நூறாண்டு கழிந்தும் அதற்கு முழுமையான பதில் வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

குகைக்குள் இந்த விவாதம் 1940களில் தொடங்கியது. நார்வேயின் நூர்-ரானா குகைகளின் சுண்ணாம்புப் படிவுகளில் நீலப்பசும் பாசிகளும் பாக்டீரியாக்களும் இருப்பதை 1946இல் ஹோக் பதிவுசெய்தார். 1958இல் பிரான்சின் கோமார்ட்டானும் ரெனோவும் நிலாப்பாலின் தோற்றத்தை நுண்ணுயிர்களோடு இணைத்தனர். 1973இல் ஸ்பெயினின் போகே, போரோனாட், ராமோஸ்-கோர்மென்சானா ஆகிய மூவரும் வெளியிட்ட சிறு கட்டுரை விவாதத்தின் போக்கையே மாற்றியது. கால்சியம் அசிட்டேட் கலந்த ஊடகத்தில் வளர்த்தால் மண் பாக்டீரியாக்கள் கால்சைட் என்ற கால்சியம் கார்பனேட் படிகங்களை உருவாக்குவது பொதுவான இயல்பு என்றனர் அவர்கள். இந்தக் கண்டுபிடிப்பு இரு பக்கமும் வெட்டுகிறது. எல்லா பாக்டீரியாவும் செய்யும் என்றால் குகை பாக்டீரியாவும் செய்யும். அதேவேளை, எல்லாமே செய்யும் ஒன்றைக் குகை பாக்டீரியாவும் செய்தது என்று காட்டுவதால் குகையைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்துவிடுவதில்லை.

ஏன் செய்கின்றன என்பதற்கு 1983இல் டேனியெலியும் எடிங்டனும் ஒரு விளக்கம் தந்தனர். கரிம அமிலங்களின் கால்சிய உப்புகளை பாக்டீரியா உணவாக்கிக்கொள்கிறது, மிஞ்சும் கால்சியம் அதற்கு நஞ்சு, அந்த நஞ்சைக் கார்பனேட்டாக்கி வெளியே தள்ளுகிறது என்பது அது. 2010இல் ஹேசல் பார்ட்டன் குழுவினர் குகைப் படிவு ஒன்றிலிருந்து 51 பாக்டீரியாக்களைப் பிரித்து இதைச் சோதித்தனர். பெரும்பாலானவை படிகங்களை உருவாக்கின. இறந்த செல்கள் உருவாக்கவில்லை. கால்சியத்தை வெளியேற்றும் புரதத்துக்கான மரபணுவை நீக்கியதும் கால்சியம் கலந்த ஊடகத்தில் வளர்ச்சி தடைபட்டது. கனமான கார்பன்-13 கொண்ட கார்பன் டை ஆக்சைடைக் காற்றில் கலந்தபோது, அந்தக் கார்பன் படிகத்துக்குள் வந்து சேர்ந்தது. துறையின் மிகக் கவனமான ஆய்வுகளில் ஒன்று இது. இதில் யூரியாவுக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

யூரியாவின் வழி

யூரியாவைச் சிதைக்கும் வழி தனித்து நிற்பதற்குக் காரணம் அதன் வேகம். ஒரு மூலக்கூறு யூரியா நீரோடு வினைபுரிந்து உடைந்தால் இரண்டு அம்மோனியாவும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கின்றன. அம்மோனியா நீரைக் காரமாக்குகிறது. காரநீரில் கார்பன் டை ஆக்சைடு கார்பனேட்டாகிறது. அருகில் கால்சியம் இருந்தால் கல் பிறக்கிறது. காரத்தன்மையும் கார்பனேட்டும் ஒரே வினையிலிருந்து கிடைப்பது இந்த வழியின் தனிச்சிறப்பு. இந்த வினை தானாக நடக்க விட்டால் மிக மெல்ல நடக்கும். யூரியேஸ் நொதி அதை ஏறத்தாழ நூறு லட்சம் கோடி மடங்கு விரைவாக்குகிறது.

இந்த நொதிக்கு அறிவியல் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. 1926இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரை விதையிலிருந்து இதைப் படிகமாக்கியபோதுதான் நொதிகள் புரதங்களே என்பது நிறுவப்பட்டது. 1946இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1975இல் இதன் உள்ளே நிக்கல் இருப்பது தெரியவந்தது. பாக்டீரியாக்களைப் பொறுத்தவரை, சிறுநீர் அம்மோனியாவாகப் புளிப்பதில் நுண்ணுயிர்களுக்குப் பங்கிருப்பதைப் பாஸ்டர் காலத்து ஆய்வுகளே காட்டிவிட்டன. 1889இல் பியர் மிக்கேல் விவரித்து, பாஸ்டரின் பெயரையே சூட்டிய பாக்டீரியா பிற்காலத்தில் பாசில்லஸ் பேஸ்டியூரி என்று வழங்கியது. 2001இல் அதை ஸ்போரோசார்சினா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். இன்று யூரியா வழியில் சுண்ணாம்பு படியவைக்கும் எந்த ஆய்வும் இந்த ஸ்போரோசார்சினா பேஸ்டியூரியோடுதான் தன் பாக்டீரியாவை ஒப்பிடுகிறது. குகை ஆய்வுகளும் அப்படித்தான்.

குகையிலிருந்து பெட்ரித் தட்டுக்கு

பிரித்தெடுக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் முடிவின் பாதி அந்த முறையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. தூய்மையாக்கிய கருவியால் படிவின் மேற்பரப்பைச் சுரண்டியோ சிறு துண்டை உடைத்தோ எடுத்து, மூடிய குழாயில், குளிரூட்டிய பெட்டியில் ஆய்வகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பல ஆய்வுகளில் மாதிரியை நேரடியாகத் தட்டில் பரப்புவதில்லை. முதலில் யூரியா செறிந்த திரவ ஊடகத்தில் சில நாட்கள் ஊறவைத்து, யூரியாவைத் தாங்கி வளரக்கூடியவற்றைப் பெருக விடுகிறார்கள். இதைச் செறிவூட்டல் என்கிறோம். இங்கே ஒரு சிறு நுணுக்கம் உண்டு. யூரியாவை ஊடகத்தோடு சேர்த்து 121 டிகிரியில் நீராவியில் வேகவைக்கக் கூடாது. வெப்பத்தில் அதுவே சிதைந்து அம்மோனியாவாகிவிடும், பாக்டீரியா இல்லாமலேயே ஊடகம் காரமாகிவிடும். எனவே யூரியாக் கரைசலை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துத் தூய்மையாக்கி, ஆறிய ஊடகத்தில் பிறகு சேர்க்கிறார்கள்.

அடுத்தது நிறச் சோதனை. 1946இல் கிறிஸ்டென்சன் வகுத்த யூரியா அகாரில் ஃபீனால் சிவப்பு என்ற நிறங்காட்டி இருக்கிறது. அமில-கார அளவு 6.8இல் இருக்கும் தட்டு மஞ்சளாகத் தெரியும். அம்மோனியா உருவாகி அளவு 8ஐத் தாண்டினால் இளஞ்சிவப்பாக மாறும். ஸ்போரோசார்சினா போன்ற வேகமானவை சில மணி நேரத்தில் தட்டு முழுவதையும் சிவக்கவைத்துவிடும். மந்தமானவற்றில் கீற்றின் ஓரம் மட்டும் நாட்கணக்கில் மெல்லச் சிவக்கும். அந்த மந்தச் சிவப்பை நம்புவதில் கவனம் வேண்டும். ஊடகத்தில் உள்ள பெப்டோனைத் தின்றும் பாக்டீரியா அம்மோனியா வெளியிடலாம், தட்டு அப்போதும் சிவக்கும். யூரியா சேர்க்காத தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாத சோதனைக்கு மதிப்புக் குறைவு.

நிறம் உண்டு-இல்லை என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்ல மின்கடத்துதிறன் அளவி வேண்டும். யூரியாவுக்கு மின்னூட்டம் இல்லை. அது உடைந்து பிறக்கும் அம்மோனியத்துக்கும் கார்பனேட்டுக்கும் உண்டு. எனவே கரைசலின் கடத்துதிறன் ஏறும் வேகத்திலிருந்து நொதியின் செயல்பாட்டைக் கணக்கிடலாம். ஆஸ்திரேலியாவின் மர்டோக் பல்கலைக்கழகத்தில் விக்டோரியா விஃபின் 2004இல் தம் முனைவர் ஆய்வேட்டில் பயன்படுத்திய மாற்று எண், அதாவது நிமிடத்துக்கு 1 மில்லிசீமென்ஸ் ஏற்றம் 11.11 மில்லிமோலார் யூரியா சிதைவுக்குச் சமம் என்பது, இன்று குகை ஆய்வுகளிலும் பரவலாகக் கையாளப்படுகிறது. கடைசியாக, கால்சியமும் யூரியாவும் உள்ள ஊடகத்தில் படிந்த பொடியை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவால் சோதித்து, அது கால்சியம் கார்பனேட்டின் எந்தப் படிக வடிவம், கால்சைட்டா வாட்டரைட்டா என்று பார்க்கிறார்கள்.

பெயர் சூட்டும்போது

பிரித்த பாக்டீரியாவுக்குப் பெயர் சொல்ல இன்று பெரும்பாலும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவின் ஏறத்தாழ 1,500 எழுத்துகளை வாசித்துப் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் ஒப்பிடுகிறார்கள். 1994இல் 97 விழுக்காடு ஒற்றுமை இனத்தின் எல்லையாகக் கொள்ளப்பட்டது. 2006இல் ஸ்டாக்கபிராண்டும் ஏபர்ஸும் அதை 98.7 அளவுக்கு உயர்த்தும்படி பரிந்துரைத்தனர். எல்லையைக் கடந்துவிட்டால் இனம் உறுதி என்று பொருளல்ல. பாசில்லஸ் குடும்பத்தில் நெருங்கிய இனங்களுக்குள் இந்த மரபணு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ஆந்த்ராக்ஸ் கிருமியையும் பூச்சிக்கொல்லியாகப் பயன்படும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸையும் இந்த ஒன்றைக் கொண்டு நம்பிக்கையோடு பிரிக்க முடியாது. குகையில் யூரியாச் செறிவூட்டலில் வருபவை பெரும்பாலும் பாசில்லஸ், ஸ்போரோசார்சினா வகையறா என்பதால் இது சிறு குறையல்ல. முழு மரபணுத் தொகுதியை வாசிக்கும் செலவு குறைந்துவிட்ட இந்நாளில், 16எஸ் ஒன்றையே நம்பி இனப்பெயரை உறுதியாக எழுதும் கட்டுரைகளை எச்சரிக்கையோடு படிப்பதே நல்லது. யூரியேஸின் பெரிய துணை அலகுக்கான யுரெசி மரபணுவையும் சேர்த்துப் படித்த ஆய்வுகளுக்கு என் பார்வையில் கூடுதல் எடை உண்டு.

சரவாக் குகைகள்

இவ்வகை ஆய்வுக்குத் தெளிவான எடுத்துக்காட்டு மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் கிடைக்கிறது. கூச்சிங் நகருக்கு அருகிலுள்ள பாவ் பகுதியில் ஃபேரி குகை, விண்ட் குகை என்ற இரு சுண்ணாம்புக் குகைகள் இயற்கைக் காப்பகங்களாக உள்ளன. சுவின்பர்ன் பல்கலைக்கழகத்தின் சரவாக் வளாகத்தைச் சேர்ந்த ஆம்ஸ்ட்ராங் ஒமோரேகி குழுவினர் இங்கிருந்து மாதிரிகள் எடுத்து, செறிவூட்டல் முறையில் யூரியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தனர். அவற்றுள் சிலவற்றின் யூரியேஸ் வேகம், உலகெங்கும் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் ஸ்போரோசார்சினா பேஸ்டியூரியின் டி.எஸ்.எம். 33 என்ற திரிபுக்கு இணையாக இருந்தது என்பது அவர்கள் 2016இல் வெளியிட்ட முடிவு.

அந்தக் குழுவின் நோக்கம் குகைக் கல்லின் தோற்றத்தை விளக்குவது மட்டுமல்ல. மண்ணை இறுக்கவும் கான்கிரீட் விரிசலை அடைக்கவும் பயன்படும் உயிர்ச் சிமெண்டுக்கு உள்ளூர்த் திரிபுகளைத் தேடுவதும் அதில் அடங்கும். இந்தத் தேடலுக்குக் குகை நல்ல இடம் என்பதை ஏற்கலாம். நெதர்லாந்தில் 2010இல் 100 கன மீட்டர் மணலையே இந்த முறையில் இறுக்கிக் காட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுத் திரிபை வரவழைக்காமல் உள்ளூர்த் திரிபைக் கொண்டே அப்படிச் செய்ய முடிந்தால் பயன் உண்டு. அங்கும் அம்மோனியாக் கழிவு ஒரு தலைவலி. யூரியாவே இல்லாமல் கால்சியம் லாக்டேட்டைக் கொண்டு விரிசலடைக்கும் ஹெங்க் யோங்கர்ஸின் முறை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

பயன்பாட்டுக்காகத் தேடும்போது யாருடைய நொதி வேகமானது என்பதே கேள்வி. குகையின் வரலாற்றுக்காகத் தேடும்போது கேள்வி வேறு. யூரியா செறிந்த, காரமான, அம்மோனியா நிறைந்த ஊடகத்தில் முந்தி வருவது குகையில் அதிகமாக வாழ்வது என்று கொள்ள முடியாது. வித்துகளாக மாறி எத்தனையோ காலம் உறங்கிக் கிடக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலும் பார்வையாளர் காலடியிலும் வௌவாலின் உடலிலும் ஏறிக் குகைக்குள் வரலாம். ஆய்வகத்தில் வளர்க்கக் கூடிய மண் பாக்டீரியாக்களில் 17 முதல் 30 விழுக்காடு யூரியாவைச் சிதைப்பவை என்பது 1970களிலேயே கணக்கிடப்பட்டது. ஊரின் எல்லாத் தெருவிலும் திரியும் ஒருவரை ஒரு வீட்டு வாசலில் பார்த்துவிட்டு, அந்த வீட்டைக் கட்டியவர் அவர்தான் என்று முடிவுகட்டுவதற்கு ஒப்பானது இது. ஒப்பீட்டுக்குக் குகைக்கு வெளியே உள்ள மண்ணையும் அதே ஊடகத்தில் இட்டுப் பார்த்தால்தான், குகைக்கென்று ஏதேனும் தனித்தன்மை இருக்கிறதா என்று தெரியும்.

யூரியா எங்கிருந்து வருகிறது?

இந்த விவாதம் முழுவதிலும் மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உச்சி 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கல்முளை ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் வளர்வதாகக் கொள்வோம். அதில் ஆண்டுதோறும் படிவது சுமார் 2.1 கிராம் கால்சைட். யூரியா வழியில் 100 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு 60 கிராம் யூரியா வேண்டும் என்பதால், இதற்குத் தேவை சுமார் 1.3 கிராம் யூரியா. நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டர் அளவுள்ள ஒரு சொட்டு விழுந்தால் ஆண்டுக்கு சுமார் 52 லிட்டர் நீர் வருகிறது. அப்படியானால் ஒவ்வொரு லிட்டரிலும் 24 மில்லிகிராம் யூரியா இருந்தாக வேண்டும். யூரியாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன். எனவே லிட்டருக்கு 4.8 மில்லிகிராம் கார்பன் யூரியாவாக மட்டுமே வர வேண்டும். ஊட்டம் குறைந்த குகைகளை வரையறுக்க பார்ட்டன் போன்றோர் வைக்கும் வரம்போ, எல்லாக் கரிமப் பொருளும் சேர்த்து லிட்டருக்கு 2 மில்லிகிராம் கார்பனுக்கும் கீழ். உள்ள கரிமம் அத்தனையும் யூரியாவாகவே இருந்தாலும் பாதிகூடத் தேறாது.

எண்களைக் கூட்டிக் குறைத்தால் விடை கொஞ்சம் நகரும். சொட்டின் வேகம் கூடினால் தேவைப்படும் செறிவு குறையும். ஆனால் ஐரோப்பாவின் குளிர்ந்த, ஊட்டமற்ற குகைகளில் சாதாரணக் கல்முளைகளை யூரியா வழிதான் கட்டியது என்ற கருத்துக்கு இந்தக் கணக்கு இடம் தருவதாகத் தெரியவில்லை. மிக மெல்லிய தோல்போன்ற படிவுகளுக்கும், படிகம் முதன்முதலில் பிறக்கும் அந்தப் புள்ளிக்கும் வேண்டுமானால் அது பொருந்தலாம்.

போர்னியோவின் குகைகள் வேறு உலகம். அங்கே வௌவால்களும் உழவாரன் குருவிகளும் கூட்டம்கூட்டமாக வாழ்கின்றன. வௌவாலின் சிறுநீரில் யூரியா நேரடியாகவே வருகிறது. பறவை எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தையும் நுண்ணுயிர்கள் படிப்படியாக உடைத்து யூரியாவாக்குகின்றன. எச்சக் குவியலின் அம்மோனியா நெடி குகைக்குள் நுழைந்தவுடன் மூக்கில் ஏறும். யூரியா வழி உண்மையில் எங்கேனும் கல் கட்டுகிறது என்றால், அது இத்தகைய குகைகளில்தான் என்று எதிர்பார்ப்பது நியாயம். சரவாக் ஆய்வுகளின் உண்மையான மதிப்பு, ஒரு வேகமான திரிபைக் கண்டெடுத்ததைவிட, சரியான இடத்தில் தேடியதில் இருக்கிறது என்பேன்.

அம்மோனியா எங்கே போகிறது?

சரியான இடத்திலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. யூரியா உடைந்ததோடு கதை முடிவதில்லை. பிறந்த அம்மோனியத்தைக் குகை மண்ணில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமெரிக்காவின் மாமத் குகை மண்ணில் இருந்த நைட்ரேட்டை 1812 போரின்போது வெடிமருந்துக்காக வெட்டியெடுத்தார்கள். அதே குகை மண்ணில் நைட்ரோபாக்டர் வாழ்வதை 1977இல் ஃபிளியர்மன்ஸும் ஷ்மிட்டும் காட்டினர். இந்த மாற்றம் அமிலத்தை உருவாக்குகிறது. கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு மூலக்கூறு யூரியா உடைந்து ஒரு மூலக்கூறு கால்சியம் கார்பனேட்டைப் படியவைக்கும். அதிலிருந்து பிறந்த இரண்டு அம்மோனியமும் முழுமையாக நைட்ரேட்டானால் இரண்டு மூலக்கூறு கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கப் போதுமான அமிலம் பிறக்கும். அதாவது முதலில் கட்டியதைவிட இரு மடங்கு. அம்மோனியா வாயுவாகக் காற்றில் பறந்துவிட்டாலும் யூரியா தந்த காரத்தன்மை அதோடு போய்விடும். அம்மோனியம் அம்மோனியமாகவே நீரோடு வெளியே ஓடிவிட்டால் மட்டுமே யூரியா கட்டிய கல் கணக்கில் நிற்கும்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. போர்னியோவின் சபா மாநிலத்தில் உள்ள கோமாந்தோங் குகைகளை ஆராய்ந்த ஜாய்ஸ் லண்ட்பெர்க், டொனால்ட் மக்ஃபார்லேன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, வௌவால்களும் உழவாரன்களும் தங்கும் இடங்களில் அவற்றின் உடல் வெப்பம், மூச்சு, எச்சம் ஆகியவை சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் குகையை விரிவாக்குகின்றன என்று காட்டியது. யூரியா மிகுந்த அதே சூழல், கல்லை வளர்ப்பதைவிடக் கரைப்பதில் முந்தலாம் என்பதற்கு இது வலுவான சான்று. குகைக்குள் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு பக்கம் படிவும் மறு பக்கம் அரிப்பும் ஒரே காலத்தில் நடப்பதும் சாத்தியமே.

போட்டி வழிகள்

யூரியா மட்டுமே பாக்டீரியாவின் கருவி என்று நினைப்பதற்கும் காரணமில்லை. ஜெர்மனியின் தூரிங்கியாவில் உள்ள ஹெரன்பெர்க் குகையிலிருந்து 2012இல் பிரிக்கப்பட்ட ரோடோகாக்கஸ், ஆர்த்ரோபாக்டர் வகைகள் யூரியா சேர்க்காத ஊடகத்திலேயே கால்சைட் உருவாக்கின. டேராடூனுக்கு அருகிலுள்ள சகஸ்ரதாரா குகைகளின் கல்விழுதுகளிலிருந்து பாக்டீரியாக்களை வளர்த்து, அவற்றுக்கும் படிவுக்கும் தொடர்பிருக்கலாம் என்று சுஷ்மிதா பாஸ்கர் குழுவினர் 2006இல் எழுதியபோதும், இருக்கலாம் என்ற அளவிலேயே நின்றனர்.

இவ்வகையில் மிகத் தெளிவான ஒப்பீடு பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்திலிருந்து 2017இல் வந்தது. நிலாப்பாலில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் திரிபுகளைக் கொண்டு மார்த்தா மாசியேவ்ஸ்கா குழுவினர் பல வழிகளை ஒருசேரச் சோதித்தனர். அமினோ அமிலங்களையும் பெப்டைடுகளையும் உடைத்து அம்மோனியா வெளியிடும் வழிதான் முன்னின்றது, யூரியா வழி அதற்கு அடுத்த நிலையில்தான் வந்தது. இழைகளே படிகம் ஒட்டும் தளமாக அமைவதையும் அவர்கள் படமெடுத்துக் காட்டினர். யூரியாவை மட்டும் ஊட்டி யூரியாவைச் சிதைப்பவற்றை மட்டும் தேடும் ஆய்வு இத்தகைய வரிசையை ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது. ஒரே திரிபைப் பல வழிகளில் சோதிக்கும் இந்த முறை வெப்பமண்டலக் குகைகளுக்கும் வர வேண்டும்.

தீராமல் நிற்பவை

இப்போதைய சான்றுகளின்படி, யூரியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் குகைப் படிவுகளில் உண்டு, ஆய்வகத்தில் அவை சுண்ணாம்பைப் படியவைக்கும், சில திரிபுகள் தொழிலுக்குப் பயன்படும் அளவு வேகமானவை என்பவற்றில் ஐயமில்லை. ஊட்டமற்ற குகைகளில் கல்முளையின் பெரும்பகுதியை அவை கட்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றும் ஓரளவு துணிந்து சொல்லலாம். நிலாப்பாலில் பாக்டீரியாவின் பங்கு இருக்கக்கூடும், ஆனால் அதில் யூரியாவின் பங்கு எவ்வளவு என்பது குகைக்குக் குகை மாறலாம்.

எச்சம் மிகுந்த வெப்பமண்டலக் குகைகளில்தான் கேள்வி உண்மையாகவே திறந்திருக்கிறது. அதைத் தீர்க்கப் புதிய திரிபுகளைப் பிரித்துக்கொண்டே போவது உதவாது. சொட்டுநீரில் யூரியா, அம்மோனியம், நைட்ரேட் ஆகிய மூன்றையும் மழைக்காலம், வறண்ட காலம் இரண்டிலும் தொடர்ந்து அளக்க வேண்டும். கார்பன்-13 ஏற்றிய யூரியாவைப் படிவின் மேற்பரப்பில் மிகச் சிறு அளவில் இட்டு, அந்தக் கார்பன் புதிய படிகத்துக்குள் போகிறதா, வாயுவாக வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். யூரியேஸைத் தடுக்கும் அசிட்டோஹைட்ராக்சாமிக் அமிலத்தை இட்ட பகுதியும் அதனருகே இருக்க வேண்டும். பார்ட்டன் குழு ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு செய்ததையே யூரியாவைக் கொண்டு குகைக்குள் செய்வதுதான் இது. குகையைக் கெடுக்காமல் இதைச் செய்ய, ஏற்கெனவே உடைந்து விழுந்த கற்களையும், படிவு வளர்வதற்கென்று சொட்டுக்கு அடியில் வைக்கும் கண்ணாடித் தகடுகளையும் பயன்படுத்தலாம். பாவ் குகைகளில் கிடைத்த திரிபுகள் கல்லைக் கட்டியவையா, எச்சத்தோடு வந்து ஒதுங்கியவையா என்று சொல்வதற்கு இன்று கையிலுள்ள சான்று போதாது.